அமெரிசியமும் கியூரியமும்: ஒப்பிடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

தனிம வரிசை அட்டவணையில் 95, 96 எனும் அடுத்தடுத்த இடங்களில் இருப்பவை அமெரிசியமும் கியூரியமும். இரண்டும் வெள்ளி நிற உலோகங்கள். இரண்டும் கதிரியக்கம் கொண்டவை. இரண்டாம் உலகப் போரின் கடைசிக் கட்டத்தில் அமெரிக்க வேதியியலாளர் கிளென் சீபோர்க்கின் குழு இரண்டையும் செயற்கையாக உருவாக்கியது. இவ்வளவு ஒற்றுமை இருப்பதால், இரண்டு நிரல் போட்டு எண்களை எதிரெதிரே எழுதிவிட்டால் ஒப்பீடு முடிந்துவிடும் என்று மாணவர்கள் மட்டுமல்ல, அறிவியல் எழுதுவோரும் நம்பிவிடுகிறார்கள். இரும்பையும் செம்பையும் அப்படி ஒப்பிடலாம். இவற்றை ஒப்பிட முடியாது.

அடர்த்தியையே எடுத்துக்கொள்வோம். அமெரிசியத்தின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 12 கிராம் என்று சில நூல்கள் தருகின்றன. வேறு சில 13.67 என்கின்றன. கியூரியத்துக்கு 13.51 என்ற எண்ணையே பெரும்பாலும் காண்கிறோம். முதல் எண்ணை எடுத்தவர் கியூரியமே கனமானது என்று எழுதுவார். இரண்டாவதை எடுத்தவர் அமெரிசியமே கனமானது என்பார். இருவரும் நூலைப் பார்த்துத்தான் எழுதியிருப்பார்கள்.

13.67 எங்கிருந்து வருகிறது என்று பார்த்தால் விஷயம் தெளிவாகும். எக்ஸ் கதிர் ஆய்வின் மூலம் படிகத்தில் அணுக்கள் எவ்வளவு நெருக்கமாக அடுக்கப்பட்டுள்ளன என்று அளக்கிறார்கள். பிறகு ஒவ்வோர் அணுவின் நிறையையும் 241 என்று கொண்டு கணக்கிட்டால் 13.67 கிடைக்கும். அதே படிகத்தில் அமெரிசியம்-243 இருப்பதாக வைத்துக்கொண்டால் 13.79 ஆகிவிடும். கியூரியத்தின் 13.51, அணு நிறை 244 என்று கொண்டு வந்த எண். கியூரியம்-248 என்றால் அது ஏறத்தாழ 13.73. அதாவது அமெரிசியம்-241, கியூரியம்-244 ஆகிய இணையில் அமெரிசியம் கனமானது. அமெரிசியம்-241, கியூரியம்-248 ஆகிய இணையில் கியூரியம் கனமானது. எந்த ஐசோடோப்பு (ஒரே தனிமத்தின், நிறை வேறுபட்ட அணு வகை; பெயருக்குப் பின்னால் வரும் எண் அதன் நிறை எண்) என்று சொல்லாமல் அடர்த்தியை ஒப்பிடுவதில் பொருளே இல்லை. நான் பார்க்கும் ஒப்பீடுகளில் மிக அதிகமாகக் காண்பது இந்தப் பிழையைத்தான். மற்ற தவறுகளில் பலவும் இதிலிருந்தே கிளைக்கின்றன.

அட்டவணையில் அணு நிறைக்கான இடத்தில் அமெரிசியத்துக்கு 243 என்றும் கியூரியத்துக்கு 247 என்றும் அடைப்புக்குறிக்குள் அச்சிட்டிருப்பார்கள். குளோரினுக்கு 35.45 என்று தருவதுபோல் இது இயற்கையில் கிடைக்கும் கலவையின் சராசரி அன்று. அந்தத் தனிமத்தின் மிக நீண்ட ஆயுள் கொண்ட ஐசோடோப்பின் நிறை எண், அவ்வளவே. ஆய்வகத்திலோ கருவியிலோ நாம் சந்திப்பது பெரும்பாலும் அமெரிசியம்-241, கியூரியம்-244 ஆகியவற்றைத்தான். அடைப்புக்குறி எண்ணை வைத்துக் கணக்குப் போட்டவர் கையில் இல்லாத பொருளைப் பற்றிக் கணக்குப் போட்டவர் ஆகிறார்.

அரை ஆயுட்காலத்தில், அதாவது அணுக்களில் பாதி சிதைய ஆகும் காலத்தில், இந்தத் தவறு இன்னும் பெரிதாகிறது. நீண்ட ஆயுள் கொண்டவற்றை மட்டும் பார்த்தால் அமெரிசியம்-243-க்குச் சுமார் 7,350 ஆண்டுகள், கியூரியம்-247-க்கு ஏறத்தாழ 1 கோடியே 56 இலட்சம் ஆண்டுகள். கியூரியம்தான் நிலைத்து நிற்பது என்ற முடிவு கிடைக்கும். பயன்பாட்டில் உள்ளவற்றைப் பார்த்தால் அமெரிசியம்-241-க்கு 432 ஆண்டுகள், கியூரியம்-244-க்கு வெறும் 18.1 ஆண்டுகள். முடிவு தலைகீழாகிவிட்டது. கியூரியம்-242-ஓ 163 நாட்களில் பாதியாகிவிடும்.

இதோடு சேர்ந்து வரும் ஒரு தவறான எண்ணமும் உண்டு: அரை ஆயுட்காலம் அதிகம் என்றால் ஆபத்தும் அதிகம் என்பது. ஒரே எடையை வைத்துப் பார்த்தால் உண்மை இதற்கு நேர் எதிர். வேகமாகச் சிதைவதுதான் ஒவ்வொரு நொடியும் அதிகக் கதிரை உமிழும். ஒரு கிராம் அமெரிசியம்-241-இல் நொடிக்குச் சுமார் 12,700 கோடி அணுக்கள் சிதைகின்றன. ஒரு கிராம் கியூரியம்-244-இல் அதைப்போல் ஏறத்தாழ 24 மடங்கு. வெப்பத்திலும் இந்த வேறுபாடு தெரிகிறது: முதலாவது கிராமுக்கு 0.11 வாட், இரண்டாவது 2.8 வாட், கியூரியம்-242 சுமார் 120 வாட். ஆகவே ஒப்பீட்டைக் கிராம் கணக்கில் செய்கிறோமா, பெக்கரல் (நொடிக்கு ஓர் அணு சிதைவது ஒரு பெக்கரல்) கணக்கில் செய்கிறோமா என்பதை முதல் வரியிலேயே சொல்லிவிட வேண்டும். புகை உணர் கருவிக்குள் இருக்கும் அமெரிசியத்தின் எடை ஏறத்தாழ 0.3 மைக்ரோகிராம்தான்; அதன் கதிரியக்கம் 37,000 பெக்கரல். எடையை மட்டும் எழுதினால் ஒன்றுமில்லை என்று தோன்றும், பெக்கரலை மட்டும் எழுதினால் பீதி வரும். இரண்டையும் சேர்த்து எழுதுவதே நேர்மை.

இரண்டும் ஆல்பா உமிழ்பவை, ஒரு தாள் போதும் தடுப்பதற்கு என்று எழுதுவதைப் படிக்கும்போது எனக்கு உண்மையிலேயே கவலை வருகிறது. ஆல்பா துகளைத் தாள் தடுக்கும், சரி. ஆனால் அமெரிசியம்-241 அதனுடன் 59.5 கிலோ எலக்ட்ரான் வோல்ட் ஆற்றல் கொண்ட காமா கதிரையும் வெளியிடுகிறது; அதற்கு மெல்லிய ஈயத் தகடு வேண்டும். கியூரியம்-244-இன் சிக்கல் வேறு. அதன் அணுக்களில் மிகச் சிறிய பங்கு தாமாகவே பிளந்து நியூட்ரான்களை வெளியேற்றுகின்றன. பங்கு சிறியதுதான், ஆனாலும் ஒரு கிராமிலிருந்து நொடிக்கு ஒரு கோடிக்கு மேற்பட்ட நியூட்ரான்கள் கிளம்புகின்றன. அமெரிசியம்-241-இல் இந்த எண்ணிக்கை ஒன்றிரண்டு. நியூட்ரானுக்கு ஈயம் பயன்படாது. நீர், பாலிஎத்திலீன் போன்று ஹைட்ரஜன் நிறைந்த பொருள்கள் தேவை. அமெரிசியம்-பெரிலியம் மூலங்களிலிருந்து நியூட்ரான் வருகிறதே என்று யாரேனும் கேட்கலாம். அவை அமெரிசியத்தின் ஆல்பா துகள் மோதும்போது பெரிலியம் அணுக்கருவிலிருந்து வெளிவருபவை. அமெரிசியத்தின் பண்பாக அதை எழுதக் கூடாது.

வேதியியலுக்கு வருவோம். இங்கே செய்யப்படும் தவறு எதிர்த் திசையில் இருக்கிறது: அணுக்கரு வேறுபாடுகளைப் பார்த்துவிட்டு வேதிப் பண்புகளும் அவ்வளவு வேறுபடும் என்று கருதிவிடுவது. அமெரிசியம்-241-க்கும் அமெரிசியம்-243-க்கும் வேதிவினையில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. அமெரிசியத்துக்கும் கியூரியத்துக்கும் இடையிலேகூட, நீர்க்கரைசலில் இரண்டும் மூன்று நேர்மின் சுமை கொண்ட அயனியாகவே இருக்க விரும்புகின்றன. அயனிகளின் அளவும் ஏறக்குறைய ஒன்றே. தொடக்கத்தில் இவற்றைப் பிரித்தெடுக்கப் பட்ட பாட்டில், கண்டுபிடித்தவர்களே பெருங்குழப்பம், சித்தப்பிரமை எனப் பொருள்படும் சொற்களால் இவற்றைத் தங்களுக்குள் அழைத்துக்கொண்டார்கள். எலக்ட்ரான்களைப் பறிக்கும் வலிமையான ஆக்சிஜனேற்றியைச் சேர்க்கும்போதுதான் வேறுபாடு வெளிப்படும். அமெரிசியம் +5, +6 நிலைகளுக்கு ஏறும். கியூரியம் +3-ஐ எளிதில் விடாது. டைஆக்சைடு, டெட்ராஃபுளோரைடு போன்ற சேர்மங்களில் +4 வரை செல்லும்.

அட்டவணையில் இவற்றின் வரிசைக்கு நேர் மேலே உள்ள வரிசையின் தனிமத்தை, அதாவது லாந்தனைடைப் பார்த்துக் கீழே இருப்பதன் பண்பை ஊகிக்கும் பழக்கமும் இங்கே ஏமாற்றும். அமெரிசியத்துக்கு மேலே யூரோப்பியம், கியூரியத்துக்கு மேலே கடோலினியம். யூரோப்பியம் உலோகத்தில் ஒவ்வோர் அணுவும் பிணைப்புக்கு இரண்டு எலக்ட்ரான்களையே தருகிறது. அதனால் அதன் அடர்த்தி அண்டை லாந்தனைடுகளைவிட மிகக் குறைவு. அமெரிசியம் மூன்று தருகிறது. அத்தகைய சரிவு அதில் இல்லை. கடோலினியம் அறை வெப்பநிலையை ஒட்டியே இரும்பைப்போல் காந்தமாகும். கியூரியத்தில் காந்த ஒழுங்கு தோன்றுவது மைனஸ் 200 டிகிரி செல்சியசுக்கும் கீழே. அதுவும் அடுத்தடுத்த அணுக்களின் காந்தத்தன்மை ஒன்றையொன்று ஈடுசெய்யும் வகையில். அமெரிசியமோ காந்த ஒழுங்கு எதுவும் இல்லாமல், 0.8 கெல்வினுக்குக் கீழே மின்தடையே இல்லாத மீகடத்தியாகிவிடுகிறது. அடுத்தடுத்த இடம்தான், ஆனால் இந்தப் பண்பில் இரண்டும் வெகு தொலைவில் நிற்கின்றன.

சிறு பிழைகள் சில. அணு எண் குறைவு என்பதால் அமெரிசியம்தான் முதலில் கண்டறியப்பட்டது என்று எழுதிவிடுகிறார்கள். 1944-இல் முதலில் அடையாளம் காணப்பட்டது கியூரியம். அதேபோல், செயற்கைத் தனிமம் என்றால் ஆய்வகத்துக்கு வெளியே இருக்காது என்பதும் சரியன்று. வளிமண்டல அணுகுண்டுச் சோதனைகள் விட்டுச்சென்ற புளூட்டோனியம்-241 சுமார் 14 ஆண்டு அரை ஆயுளில் சிதைந்து, அமெரிசியம்-241 ஆக மண்ணில் தங்குகிறது.

கடைசியாக, மாதிரியின் வயது. எந்த ஆண்டு தயாரித்த மாதிரியில் அளந்தது என்ற குறிப்பு இல்லாத கியூரியம் எண்ணை நான் நம்புவதில்லை. கியூரியம்-244 சிதைந்து புளூட்டோனியம்-240 ஆகிறது. அந்த மாற்றம் படிகத்தையும் உள்ளிருந்தே சிதைக்கிறது. செவ்வாய்ப் பாறைகளின் தனிமங்களை ஆராய ஆப்பர்சூனிட்டி ஊர்தி கியூரியம்-244 மூலத்தை எடுத்துச் சென்றது. 2004 ஜனவரியில் தரையிறங்கி, 2018 ஜூனில் அதனிடமிருந்து கடைசித் தகவல் வந்தபோது, அந்தக் கியூரியத்தில் ஐந்தில் இரண்டு பங்குக்கு மேல் புளூட்டோனியமாக மாறியிருந்தது.