பக்கம் சுற்றிக்கொண்டே இருந்தால் லைனைத் திட்டாதீர்கள்: டேட்டா எடுப்பதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் வார இறுதியில் சில பிள்ளைகள் என்னிடம் வெப் வேலை கற்றுக்கொள்ள வருகிறார்கள். எஸ்பிஎம் தேர்வு முடித்தவர்கள், பாலிடெக்னிக்கில் படிப்பவர்கள், பகலில் ஈப்போவுக்கு வேலைக்குப் போய்வருபவர்கள். கெட்டிக்காரப் பிள்ளைகள். யூடியூப் பார்த்தே ரியாக்ட் என்ற ஜாவாஸ்கிரிப்ட் லைப்ரரியில் ஒரு கடைப் பக்கத்தைக் கட்டிவிடுகிறார்கள். ஆனால் சர்வரிலிருந்து டேட்டா எடுக்கும் இடம் வந்ததும், நாங்கள் தொழிலுக்கு வந்த புதிதில் செய்த அதே தவறுகளை, ஏறக்குறைய அதே வரிசையில் செய்கிறார்கள். பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை.

படத்தைச் சுருக்காமல் போடுவது, பிழை வந்தால் என்ன காட்டுவது என்று எழுதாமல் விடுவது, ரகசியச் சாவியைப் பக்கத்துக்குள்ளேயே வைப்பது ஆகியவற்றை நான் தொடப்போவதில்லை. முதல் மாதத்திலேயே யாராவது திட்டிச் சொல்லிக் கொடுத்துவிடுவார்கள். செய்தவருக்கே தெரியாமல் உள்ளே உட்கார்ந்திருக்கும் தவறுகள்தான் காசைக் கரைப்பவை.

## ஒன்று முடிந்தபின் ஒன்று

இன்றைக்கும் எனக்கு எரிச்சல் மூட்டுவது இதுதான்.

தீபாவளிக்கு முன்பு ஒரு மாணவன் தன் அத்தைக்காக ஓர் ஆர்டர் பக்கம் செய்தான். முறுக்கு, அதிரசம், நெய் உருண்டை. அத்தைக்கு வாடிக்கையாளர்களில் பாதிப் பேர் சுற்றுவட்டாரத் தோட்டங்களில் இருப்பவர்கள். பக்கம் பார்க்க லட்சணமாக இருந்தது. வகுப்பில் அவனுடைய லேப்டாப்பிலேயே சர்வரும் ஓடியபோது தட்டியதும் திறந்தது. அத்தை லிங்கை வாட்ஸாப் குரூப்பில் போட்டார். கொஞ்ச நேரத்தில் பதில்கள் வர ஆரம்பித்தன: "வட்டம் சுத்திக்கிட்டே இருக்கு. நீயே எழுதிக்க, ரெண்டு டின் முறுக்கு." அப்புறம் எல்லாமே பழையபடி குரல் பதிவாகத்தான் வந்தது. முறுக்குப் பிழிந்த கையோடு உட்கார்ந்து, ஒவ்வொன்றாகக் கேட்டு நோட்டில் எழுதினார். இரண்டு பேருடைய ஆர்டர் விட்டுப்போய், அவர்களிடம் பேச்சும் வாங்கினார்.

"அண்ணே, தோட்டத்துல லைன் சரியில்லண்ணே" என்றான் மாணவன்.

இந்தப் பதிலைக் கேட்டால் எனக்குக் கோபம் வரும். 2021 கடைசியில் மலேசியாவில் 3ஜியை நிறுத்திவிட்டார்கள். தோட்டத்தில் சிக்னல் கிடைக்கும் இடத்தில் இருப்பது பெரும்பாலும் 4ஜி. அதே கைப்பேசியில், அதே லயத்து வாசலில் உட்கார்ந்து அவர்கள் வீடியோ பார்க்கிறார்கள். வீடியோ ஓடுகிற லைனில் நான்கு வரி விலைப்பட்டியல் வரவில்லை என்றால் தவறு லைனில் இல்லை.

பிரவுசரில், போய்வரும் கோரிக்கைகளைப் பட்டைகளாகக் காட்டும் நெட்வொர்க் டேபைத் திறக்கச் சொன்னேன். ஐந்து கோரிக்கைகள். முதலில் யார் லாகின் செய்திருக்கிறார் என்ற கேள்வி. அந்தப் பதில் வந்தபின் கடை விவரம். அது வந்தபின் பலகார வகைகள். பிறகு பலகாரங்கள். கடைசியாக ஒவ்வொன்றும் எவ்வளவு கைவசம் உள்ளது என்ற கணக்கு. எதுவுமே சில கிலோபைட்டைத் தாண்டவில்லை. ஆனால் ஒரு பட்டை முடிந்த இடத்தில்தான் அடுத்த பட்டை தொடங்கி, மேலிருந்து கீழே சரிந்துகொண்டே போனது. தொழிலில் இதை வாட்டர்ஃபால் என்பார்கள்.

ஒரு செம்பனைக் குலையை லாரியில் ஏற்றி மில்லுக்கு அனுப்பி, லாரி திரும்பி வந்தபிறகே அடுத்த குலையை ஏற்றுவது மாதிரி வேலை இது. ரோட்டை எவ்வளவு அகலமாகப் போட்டாலும் நேரம் குறையாது. கூடுதல் வேகமுள்ள பிளானுக்குக் காசு கட்டினால் அகலம்தான் கூடும். ஒரு கோரிக்கை போய்வர ஆகும் நேரம் பெரும்பாலும் அப்படியேதான் இருக்கும்.

அந்த நேரம் எவ்வளவு? மாணவன் இலவச பிளானில் சர்வர் எடுத்தபோது, எந்த ஊர் என்று கேட்ட இடத்தில் கை வைக்கவே இல்லை. அமெரிக்காவின் வர்ஜீனியா தானாக விழுந்திருந்தது. இங்கிருந்து ஏறத்தாழ 15,000 கிலோமீட்டர். கண்ணாடி இழைக்குள் ஒளி நொடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் போகும். போய்வர 30,000 கிலோமீட்டர் என்றால் 150 மில்லி நொடி. கேபிள் நேர்கோட்டில் போவதில்லை, நடுவில் எத்தனையோ ரூட்டர்கள், அதனால் 250 என்றே வைத்துக்கொள்வோம்.

இத்துடன் இன்னொன்றும் சேர்ந்தது. பக்கம் ஒரு டொமெய்னில், டேட்டா கொடுக்கும் ஏபிஐ வேறு டொமெய்னில். லாகின் செய்தவர் யார் என்று காட்டும் டோக்கனைக் கோரிக்கையின் ஆதரைசேஷன் ஹெடரில் (தலைப்பகுதியில்) அனுப்பியதால், பிரவுசர் ஒவ்வொரு கோரிக்கைக்கும் முன்பு "அனுப்பலாமா?" என்று ஓர் ஆப்ஷன்ஸ் கோரிக்கையை அனுப்பி அனுமதி கேட்கும். ஐந்து, பத்தாகிவிட்டது. பத்துப் பயணம், பயணத்துக்கு 250 மில்லி நொடி, மொத்தம் 2.5 நொடி. சர்வர் ஒரு துளி நேரம்கூட யோசிக்காமல் பதில் சொன்னாலும் இந்த 2.5 நொடி போனது போனதுதான். பக்கத்தின் முக்கியமான பகுதி 2.5 நொடிக்குள் தெரிந்தால்தான் நல்லது என்கிறது கூகுளின் எல்சிபி அளவுகோல். அந்த முழு நேரத்தையும் காத்திருப்பே தின்றுவிட்டது. எச்டிஎம்எல்லும் ஜாவாஸ்கிரிப்டும் இறங்கிய நேரத்தை இன்னும் சேர்க்கவே இல்லை. சிக்னல் பலவீனமான இடத்தில் தொலைந்த பாக்கெட்டை மறுபடி அனுப்ப வேண்டும் என்பதால் ஒவ்வொரு பயணமும் மேலும் நீளும்.

யாரும் வேண்டுமென்று இப்படி எழுதுவதில்லை. அதுதான் இந்தத் தவறின் ஆபத்து. ரியாக்டில் பக்கத்தின் ஒவ்வொரு துண்டும் ஒரு காம்பொனென்ட். வெளி காம்பொனென்ட், திரைக்கு வந்தபின் ஓடும் யூஸ்எஃபெக்டுக்குள் டேட்டா கேட்கிறது, வரும்வரை சுழலும் வட்டத்தைக் காட்டுகிறது. வட்டம் இருக்கும்வரை உள்ளே இருக்கும் காம்பொனென்ட் பிறப்பதே இல்லை. பிறக்காதது தன் டேட்டாவை எப்படிக் கேட்கும்? ஒவ்வொரு கோப்பையும் தனியாகத் திறந்து பார்த்தால் எல்லாமே சுத்தமாக இருக்கும். சேர்ந்து ஓடும்போதுதான் வரிசை உருவாகிறது. சொந்த லேப்டாப்பிலேயே சர்வரும் ஓடும்போது போய்வரும் நேரம் கிட்டத்தட்ட பூஜ்யம் என்பதால், எழுதியவர் கண்ணில் அது படவே படாது.

சரி, எப்படிப் பிரித்தோம்? ஒவ்வொரு கோரிக்கையையும் எடுத்து, "இதற்கு முந்தைய பதில் உண்மையிலேயே தேவையா?" என்று கேட்டோம். லாகின் விவரம் ஆர்டர் பட்டனை அழுத்தும்வரை தேவையில்லை. பலகாரத்தைப் பார்க்க வந்தவரிடம் நீ யார் என்று கேட்பது எதற்கு? வகைகளுக்கும் பலகாரங்களுக்கும் கடை எண் வேண்டும், ஆனால் அது பக்கத்தின் முகவரியிலேயே இருந்தது. முந்தைய பதிலை உண்மையாக நம்பியிருந்தது கைவசக் கணக்கு மட்டும்தான். அதையும் சர்வரில் டேட்டாபேஸ் ஜாயினில் பலகாரப் பட்டியலோடு சேர்த்துவிடலாம். கடைசியில் பக்கம் திறக்க ஐந்துக்குப் பதில் ஒரே கோரிக்கை போதும் என்றானது. டோக்கன் இல்லாத சாதாரண கெட் கோரிக்கை என்பதால் அனுமதி கேட்கும் பயணமும் போயிற்று. சர்வரைச் சிங்கப்பூருக்கு மாற்றினோம். அத்தையின் பழைய கைப்பேசியிலேயே, தோட்டத்துக்குள்ளே நின்று திறந்து பார்த்தோம். வட்டம் கண்ணில் படுவதற்குள் பட்டியல் வந்துவிட்டது.

ஒன்றாக்க முடியாத இடத்தில் சேர்ந்தாற்போல் அனுப்புங்கள். ஒவ்வொன்றும் முடியும்வரை நிற்கவைக்கும் அவெய்ட்டை அடுக்காமல், எல்லாவற்றுக்கும் சேர்த்துக் காத்திருக்கும் ப்ராமிஸ் ஆல் போடுங்கள். பிரவுசர் திணறுமே என்று சிலர் பயப்படுகிறார்கள். பிரவுசரும் சர்வரும் பேசிக்கொள்ளும் முறையான எச்டிடிபியின் பழைய 1.1-இல்கூட ஒரு ஹோஸ்டுக்கு 6 இணைப்புகளைத் திறந்து கொள்ளும். 2015-இல் வந்த எச்டிடிபி 2-இல் ஒரே இணைப்பில் பல கோரிக்கைகள் சேர்ந்து போகும். ஒரு கவனம் மட்டும் வேண்டும்: ப்ராமிஸ் ஆலில் ஒன்று தோற்றால் மொத்தமும் தோற்றதாகிவிடும். விமர்சனங்கள் வராததால் விலைப்பட்டியலும் காணாமல் போகக்கூடாது. அங்கே, ஒன்று தோற்றாலும் மற்றவற்றைத் தரும் ப்ராமிஸ் ஆல்செட்டில்ட் போடுங்கள்.

## சர்வர் இங்கே, டேட்டாபேஸ் அங்கே

மேலே சொன்னதைத் திருத்தியவர்களும் விழும் குழி இது. கோடு (நிரல்) ஓடும் இடத்தைச் சிங்கப்பூருக்கு மாற்றிவிட்டு, டேட்டாபேஸை வர்ஜீனியாவிலேயே விட்டுவிடுகிறார்கள். பக்கம் முன்பைவிட மெதுவாகக்கூடப் போகலாம். பயனரிடமிருந்து கோடுக்கு ஒரு பயணம்தான், கோடிலிருந்து டேட்டாபேஸுக்கோ ஒரு பக்கத்துக்கு ஏழெட்டுக் கேள்வி போகும். அதிலும் பட்டியலை எடுத்துவிட்டு ஒவ்வொரு பொருளுக்கும் தனித்தனியாக இன்னொரு கேள்வி கேட்கும் பழக்கம் இருந்தால், ஒவ்வொன்றும் கடலைத் தாண்டிப் போய்வரும். இரண்டையும் ஒரே ஊரில் வையுங்கள்.

## சர்வரில் ரெண்டர் செய்தால் எல்லாம் சரியாகிவிடும் என்பது

ஆகாது. ரெண்டர் என்றால் பக்கத்தின் எச்டிஎம்எல்லைக் கட்டி முடிப்பது. வரிசைக் காத்திருப்பை அப்படியே சர்வருக்குள் தூக்கிப் போட்டால், வட்டத்துக்குப் பதில் வெள்ளைத் திரை. டேட்டாபேஸ் பக்கத்திலேயே இருந்தால் காத்திருப்பு சுருங்கும், உண்மைதான். ஆனால் பத்து வேலைகளில் ஒன்று மெதுவானால் அது முடியும்வரை எச்டிஎம்எல்லின் முதல் எழுத்துகூட வெளியே வராது. தலைப்பு, மெனு, விலைப்பட்டியல் முதலில் போகட்டும். "இதையும் வாங்கினார்கள்" மாதிரியான மெதுவான பகுதியை ஸ்ட்ரீமிங்கில் பின்னால் அனுப்புங்கள், அல்லது பிரவுசரே பிறகு கேட்கட்டும்.

## எல்லாப் பொருளையும் ஒரே தடவையில் இறக்குவது

இருபது போதும். மீதியைக் கேட்டால் கொடுங்கள்.

## முதல் படத்துக்கு லேஸி லோடிங்

லேஸி லோடிங் என்றால் படம் திரைக்கு அருகில் வரும்போது மட்டும் இறக்குவது. திரையில் முதலில் தெரியும் படத்துக்கு வேண்டவே வேண்டாம்.

## எல்லாவற்றுக்கும் ப்ரீலோட்

ப்ரீலோட் என்றால் "இதை முன்கூட்டியே எடு" என்று பிரவுசரிடம் சொல்வது. எல்லாமே அவசரம் என்றால் எதுவும் அவசரமில்லை என்று பிரவுசர் எடுத்துக்கொள்ளும்.

## தேடல் பெட்டியில் எழுத்துக்கு ஒரு கோரிக்கை

இங்கே வேகத்தைவிடப் பெரிய கோளாறு ஒன்று இருக்கிறது. "அதிரசம்" என்று அடிக்கும்போது "அதி" என்பதற்கு ஒரு கோரிக்கை போகிறது, முழுச் சொல்லுக்கு இன்னொன்று போகிறது. சிக்னல் ஏறி இறங்கும் இடத்தில் முதல் பதில் கடைசியாக வந்து சேரலாம். பெட்டியில் ஒரு சொல், கீழே வேறு சொல்லுக்கான பட்டியல். வாங்க வந்தவர் பொருள் இல்லை என்று நினைத்துப் போய்விடுவார். விரல் நின்றபின் 300 மில்லி நொடி பொறுத்து அனுப்புங்கள். புதியதை அனுப்பும்போது பழையதை அபார்ட் கன்ட்ரோலரால் வெட்டிவிடுங்கள். இரண்டும் வேண்டும். பொறுத்து அனுப்புவது மட்டும் இந்தக் குழப்பத்தைத் தடுக்காது.

## கேஷ் வைக்கப் பயப்படுவது, பயமே இல்லாமல் வைப்பது

கேஷ் என்றால் வந்த பதிலைச் சேமித்து வைத்து மறுபடி பயன்படுத்துவது. பழைய விலை காட்டிவிடுமோ என்று எல்லாவற்றுக்கும், எதையும் சேமிக்காதே என்னும் நோ-ஸ்டோர் போடுபவர்கள் ஒரு பக்கம். பலகார வகைகள் வருடத்துக்கு எத்தனை தடவை மாறும்? ஸ்டேல்-வைல்-ரீவேலிடேட் போட்டால் கையில் இருப்பதை உடனே காட்டிவிட்டு, புதியதைப் பின்னால் எடுத்துவைத்துக்கொள்ளும். கைவசக் கணக்குக்கும் விலைக்கும் சில நொடி கேஷ் போதும். ஆர்டரை உறுதி செய்யும்போது சர்வரில் மறுபடி சரிபார்த்துக் கொள்ளுங்கள்.

மறுபக்கம், வேகம் வேண்டும் என்று ஆர்டர் விவரப் பக்கத்தையும், பல ஊர்களில் நகல் வைத்துக் கொடுக்கும் சிடிஎன்னில் எல்லாருக்கும் பொதுவாகக் கேஷ் செய்பவர்கள். ஒருவருடைய பெயர், வீட்டு முகவரி, கைப்பேசி எண் அடுத்துத் திறப்பவருக்குத் தெரியும். லாகின் செய்தவருக்கு மட்டும் உரிய எந்தப் பதிலிலும் கேஷ்-கன்ட்ரோல் ஹெடரில் பிரைவேட் அல்லது நோ-ஸ்டோர் இருக்க வேண்டும். பக்கத்தை வெளியிடும் முன் இரண்டு வேறு கணக்குகளில், இரண்டு கைப்பேசிகளில் ஒரே முகவரியைத் திறந்து பாருங்கள்.