உப்புக் காற்றில் அலுமினியம்: வீட்டில் பெயிண்ட் அடிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

"அலுமினியம் துருப்பிடிக்காது, அப்படியே விடலாம்" என்று சொல்லித்தான் பலரும் விற்கிறார்கள். கடலை விட்டுத் தள்ளியிருக்கும் ஊர்களில் அது பெருமளவு சரி. காற்று பட்டதுமே அலுமினியத்தின் மேல் சில நானோமீட்டர் கனத்தில் ஆக்சைடு படலம் உருவாகி உலோகத்தைக் காக்கிறது. ஆனால் கடல் உப்பிலுள்ள குளோரைடு அந்தப் படலத்தை அங்கங்கே துளைத்துவிடும். தொண்டி முதல் ராமேசுவரம், கீழக்கரை வரை மொட்டை மாடி ஏணி, ஆன்டெனா கம்பம், பைக் எஞ்சின் கவர், படகின் பின்னால் மாட்டும் அவுட்போர்டு மோட்டாரின் கால் எல்லாம் வெள்ளையாகப் பூத்து, சுரண்டினால் ஊசிக் குழிகளாக இருப்பது இதனால்தான். ஆனோடைசிங்குக்கு (மின்சாரம் செலுத்தி ஆக்சைடு படலத்தைக் கனமாக்கும் முறை) அனுப்ப வழியில்லாதவர்கள் பெயிண்ட் அடித்தே நன்றாகக் காப்பாற்றலாம். ஆனால் அடித்த சில மாதத்தில் உரிந்து வந்தால், பெரும்பாலும் கோளாறு பெயிண்டில் இருக்காது, அதற்கு அடியில் இருக்கும்.

முதல் தவறு கழுவும் தண்ணீரில். நம் பக்கத்தில் போர் தண்ணீர் பல இடங்களில் உப்புக் கரிக்கும். அதில் கழுவிக் காயவைத்தால் தண்ணீர் ஆவியாகி உப்பு மட்டும் உலோகத்தில் தங்கும். மேலே எவ்வளவு விலை உயர்ந்த பூச்சு இருந்தாலும், அந்த உப்பு ஈரத்தை உள்ளே இழுத்துக் கொப்புளம் கிளப்பும். அழுக்கு போக முதலில் போர் தண்ணீரை ஊற்றினாலும், கடைசி இரண்டு அலசல் குழாயில் வரும் காவிரித் தண்ணீரிலோ மழை நீரிலோதான் இருக்க வேண்டும். ஓர் ஏணிக்கு இரண்டு வாளி போதும், அதில் சிக்கனம் பார்க்க வேண்டாம்.

அடுத்தது வரிசை மாறுவது. எண்ணெய்ப் பிசுக்கோடு உப்புத்தாள் போட்டால் பிசுக்கு கீறல்களுக்குள் இறங்கிவிடும். முதலில் பாத்திரம் துலக்கும் லிக்விட் சோப், பிறகு நல்ல தண்ணீர், காய்ந்ததும் தின்னர், அதன் பிறகே தேய்ப்பு. தின்னரை ஒரு துணியில் நனைத்துத் துடைத்து, அது காயும் முன் இன்னொரு சுத்தமான துணியால் ஒற்றி எடுங்கள். ஒரே துணியால் துடைத்தால் பிசுக்கு இடம் மாறுமே தவிர போகாது. சுத்தமாகிவிட்டதா என்று பார்க்க நல்ல தண்ணீரைத் தெளியுங்கள். தண்ணீர் ஒரே படலமாகப் பரவி நின்றால் சரி. முத்து முத்தாகத் திரண்டால் பிசுக்கு மிச்சம் இருக்கிறது.

பாத்ரூம் கழுவும் ஆசிட், காஸ்டிக் சோடா இரண்டும் அலுமினியத்துக்கு ஆகாது. அமிலம், காரம் இரண்டிலுமே கரையும் உலோகம் இது. காஸ்டிக் பட்டால் நுரைத்துக் கறுத்துப்போகும், கிளம்பும் ஹைட்ரஜன் வாயு தீப்பிடிக்கக்கூடியது. சிமென்ட் பாலும் காரம்தான். பூச்சு வேலை நடக்கும் வீட்டில் ஜன்னல் சட்டத்தில் தெறித்ததை ஈரத்தோடேயே துடைத்துவிடுங்கள்.

தேய்க்க இரும்பு நாரோ இரும்பு பிரஷோ வேண்டாம். இரும்புத் துகள் உலோகத்தில் பதிந்து, ஒவ்வொரு துகளைச் சுற்றியும் அரிப்பு தொடங்கும். 240, பிறகு 320 நம்பர் உப்புத்தாள், மூலைமுடுக்குக்குப் பச்சை நைலான் நார் போதும். முனைகளில்தான் எல்லோரும் ஏமாறுகிறார்கள். ரம்பத்தில் அறுத்த கூர் விளிம்பில் பெயிண்ட் நிற்காமல் இருபுறமும் இழுபட்டு மெலிந்துவிடும். அங்கிருந்துதான் புழு ஊர்ந்த தடம் மாதிரி அரிப்பு பெயிண்டுக்கு அடியில் கிளம்பும். அரத்தால் விளிம்பை ஒன்றிரண்டு மில்லிமீட்டர் உருட்டுங்கள். முழுப் பூச்சுக்கு முன் விளிம்புக்கும் துளை வாய்க்கும் மட்டும் பிரஷால் ஒரு கை தனியாகக் கொடுங்கள்.

தேய்த்து வைத்துவிட்டு நாளைக்கு அடிக்கலாம் என்று விடுவது பெரிய தவறு. ஒரு ராத்திரியில் உப்புப் பனி இறங்கிவிடும். கடலோரத்தில் தேய்த்த ஒரு மணி நேரத்துக்குள் பிரைமர் ஏற வேண்டும், இடையில் வெறும் கையாலும் தொடக் கூடாது. காலை 10 மணிக்கு மேல், பனி முழுதாகக் காய்ந்த பிறகு, நிழலில் வைத்து அடியுங்கள். வெயிலில் கை பொறுக்காத சூடு இருந்தால் தின்னர் பறந்து பெயிண்ட் பொரிந்து நிற்கும்.

இரும்புக்கு அடிக்கும் ரெட் ஆக்சைடு பிரைமர் அலுமினியத்தில் சரியாகப் பிடிக்காது. பெயிண்ட் கடையில் டூ-பேக் (ஹார்ட்னர் தனி டப்பாவில் வரும்) வாஷ் பிரைமர் அல்லது எபாக்ஸி பிரைமர் கேளுங்கள். இரண்டில் ஒன்று போதும். வாஷ் பிரைமர் மேல் எபாக்ஸி அடிப்பதைப் பல தயாரிப்பாளர்கள் கூடாது என்கிறார்கள். வாஷ் பிரைமரைக் கெட்டியாக அடிக்கக் கூடாது. 10 மைக்ரான் அளவில், உலோகம் லேசாகத் தெரியும்படி இருந்தால்தான் பிடிப்பு. எபாக்ஸி வெயிலில் மாவாக உதிரும் என்பதால் அதன் மேல் பியு (பாலியூரித்தேன்) பெயிண்ட் இரண்டு கோட் அவசியம். ஹார்ட்னர் அளவைக் கண் மதிப்பில் ஊற்றாமல் டப்பாவில் போட்ட விகிதப்படி அளந்து கலக்குங்கள். நம் வெயிலில் கலவை சீக்கிரம் இறுகும், கொஞ்சம் கொஞ்சமாகவே கலக்குங்கள். பியு ஹார்ட்னரில் நுரையீரலைக் கெடுக்கும் ஐசோசயனேட் என்ற வேதிப்பொருள் உண்டு. ஸ்பிரே செய்வதென்றால் துணி மாஸ்க் பயன்படாது, ஐசோசயனேட்டுக்கு ஏற்ற சுவாசக் கருவி வேண்டும். அது கிடைக்காதவர்கள் காற்றோட்டமான இடத்தில் பிரஷால் அடிப்பதே நல்லது.

கண்ணாடிபோல் பாலிஷ் போட்டு அதன் மேல் கிளியர் லாக்கர் அடிக்க ஆசைப்படாதீர்கள். வழவழப்பில் பிடிமானம் இல்லாமல் தகடாக உரியும். பளபளப்புதான் வேண்டுமென்றால் கார் வாக்ஸ் போட்டு, மாதம் ஒருமுறை புதுப்பித்துக்கொண்டே இருக்க வேண்டும்.

கடைசியில் ஸ்குரூ. ஸ்டெயின்லெஸ் ஸ்குரூவை அலுமினியத்தில் நேராக முறுக்கினால், உப்பு ஈரம் சேர்ந்ததும் அது ஒரு பேட்டரியாகி அலுமினியம்தான் கரையும். பித்தளை, செம்பு என்றால் இன்னும் மோசம். தலைக்கு அடியில் நைலான் வாஷர், மரைக்கு கிரீஸ் போடுங்கள். துளைகளையெல்லாம் பெயிண்டுக்கு முன்பே போட்டுவிடுங்கள். அவுட்போர்டு மோட்டாருக்கு அடிக்கும்போது துத்தநாகக் கட்டிக்கு டேப் ஒட்டி மறையுங்கள். காலுக்குப் பதிலாகத் தான் கரையவே அதை வைத்திருக்கிறார்கள், பெயிண்ட் பட்டால் அது வேலை செய்யாது. அடிப்பாகத்தில் செம்பு கலந்த பாசித் தடுப்புப் பெயிண்டும் கூடாது.

அடித்த பிறகு வாரம் ஒருமுறை நல்ல தண்ணீர் ஊற்றினால் போதும். ஈரத் தார்ப்பாயைச் சுற்றி மூடி வைக்காதீர்கள். எங்காவது சிராய்ந்தால் அந்த வாரமே 320 தாளால் தேய்த்து, கழுவி, பிரைமரோடு தொட்டு வையுங்கள்.