செட்டாப் பாக்ஸ் இல்லாமல் கேபிளில் டிஜிட்டல் சேனல்கள்: பூட்டில்லாதவற்றைப் பிடிப்பது எப்படி?

சுவரிலிருந்து வரும் கேபிள் வயரை நேராக டிவியின் பின்புறம் செருகினாலே சில டிஜிட்டல் சேனல்கள் வரும் என்று சொன்னால் பலர் நம்புவதில்லை. செட்டாப் பாக்ஸின் முக்கிய வேலை பூட்டைத் திறப்பதுதான். எந்தச் சேனலைக் கேபிள் நிறுவனம் குறியாக்கம் செய்யாமல், அதாவது பூட்டாமல் அனுப்புகிறதோ, அதைக் காட்ட டிவிக்குள் சேனலைப் பிடிக்கும் பாகமான ட்யூனரே போதும். அதனால் எதையும் காசு கொடுத்து வாங்கும் முன் வீட்டில் இருப்பதை வைத்துச் சோதித்துப் பாருங்கள். இணைப்பு மட்டும் முறையானதாக இருக்கவேண்டும். பூட்டிய சேனலைக் குறுக்குவழியில் திறப்பது பற்றி இங்கே எதுவும் கிடையாது.

முதலில், உங்கள் ஊர் விதி

எந்தச் சேனல் பூட்டில்லாமல் வரும் என்பது நாட்டுக்கு நாடு மாறும். ஜெர்மனியில் 2013 தொடக்கத்தில் பெரிய தனியார் சேனல்களின் சாதாரணத் தர ஒளிபரப்பு கேபிளில் பூட்டில்லாமல் வரத் தொடங்கியது. அமெரிக்காவில் நடந்தது இதற்கு நேர் எதிர். முழுக்க டிஜிட்டலாக மாறிய கேபிள் நிறுவனங்கள் அடிப்படைச் சேனல்களையும் பூட்டிக்கொள்ளலாம் என்று 2012-இல் அனுமதி கிடைத்தது. இந்தியாவில் 2011-இல் திருத்தப்பட்ட கேபிள் சட்டம், டிஜிட்டல் கேபிளில் சேனல்களைக் குறியாக்கம் செய்தே அனுப்பச் சொல்கிறது. அங்கே இந்த வழி அநேகமாகப் பலிக்காது.

டிவியில் கேபிள் ட்யூனர் இருக்கிறதா?

தொடக்கத்தில் பலரும் தடுமாறுவது இங்கேதான். ஆன்டெனாவுக்கான டிஜிட்டல் ட்யூனர் வேறு, கேபிளுக்கானது வேறு. வயர் செருகும் துளை ஒன்றாகவே இருக்கலாம், ஆனால் அலையில் தரவை ஏற்றும் முறை வேறு. கேபிளில் அந்த முறையின் பெயர் குவாம் (QAM). டிவியின் கையேட்டில் ட்யூனர் பகுதியைப் பாருங்கள். ஐரோப்பாவிலும் ஆசியாவின் பல நாடுகளிலும் 'டிவிபி-சி' (DVB-C) என்று இருக்கவேண்டும். கடைசி எழுத்து 'டி' (T) என்றால் அது ஆன்டெனாவுக்கு. வட அமெரிக்க டிவி என்றால் 'குவாம்' அல்லது 'கிளியர் குவாம்' என்று தேடுங்கள். கம்ப்யூட்டரில் பார்க்க விரும்பினால் யுஎஸ்பி ட்யூனருக்கும் இதே கணக்குதான்.

வயரை இணைப்பது

கொஞ்சம் நிதானம் தேவைப்படும் வேலை இது. ஒரு முறை முழு ஸ்கேன் ஓடி முடிந்தும் எனக்கு ஒரு சேனல்கூட வரவில்லை. அமைப்புகளை எல்லாம் மாற்றி மாற்றிப் பார்த்த பிறகுதான் இணைப்பியைக் கழற்றினேன். வயரின் வெளிச்சுற்றில் இருக்கும் உலோக வலையிலிருந்து முடி போன்ற ஒரே ஒரு இழை பிரிந்து, நடுவிலிருக்கும் செம்புக் கம்பியைத் தொட்டுக்கொண்டிருந்தது. அதை நறுக்கிவிட்டதும் எல்லாம் வந்துவிட்டது. நீங்களும் திருகும் முன் இணைப்பியின் வாயை வெளிச்சத்தில் காட்டிப் பாருங்கள். நடுக்கம்பி வளையாமல், விளிம்பைத் தாண்டி லேசாக நீட்டிக்கொண்டு நிற்கவேண்டும். அதைச் சுற்றி வெள்ளைக் காப்பு சுத்தமாகத் தெரியவேண்டும்.

இடையில் வயரைப் பல டிவிகளுக்குப் பிரிக்கும் ஸ்ப்ளிட்டர் இருந்தால் இப்போதைக்குக் கழற்றிவிட்டு நேராக இணையுங்கள். இரண்டாகப் பிரித்தாலே சிக்னலின் வலுவில் சுமார் 3.5 டெசிபல் போய்விடும், நான்காகப் பிரித்தால் சுமார் 7.

ஸ்கேன்

டிவி மெனுவில் சேனல் தேடல் பகுதிக்குப் போனதும் 'ஆன்டெனாவா, கேபிளா' என்று கேட்கும். கேபிள் என்று கொடுங்கள். இதை மாற்ற மறந்தால் டிவி தவறான முறையில் தேடிவிட்டு வெறுங்கையோடு திரும்பும். நிறுவனத்தின் பெயரைக் கேட்டால், பட்டியலில் உங்களுடையது இல்லாதபோது 'மற்றவை'. விரைவுத் தேடல், முழுத் தேடல் இரண்டும் இருந்தால் முதல் முறை முழுத் தேடலே நல்லது. டிவிபி-சி டிவி சிம்பல் ரேட் (தரவு வரும் வேகம்) கேட்டால் 6900 அல்லது 6875, மாடுலேஷன் (குவாமின் வகை) கேட்டால் 64 அல்லது 256 கொடுத்துப் பாருங்கள். சரியான எண் உங்கள் கேபிள் நிறுவனத்திடம் கிடைக்கும். 'இலவசச் சேனல்கள் மட்டும்' என்ற தேர்வு இருந்தால் அதையும் போட்டுவிடுங்கள், பிறகு வேலை மிச்சம்.

அந்தத் தேர்வு இல்லையென்றால் பட்டியல் நீளமாக வரும், ஆனால் நிறையச் சேனல்களில் திரை கறுப்பாகவே இருக்கும். டிவியில் கோளாறு என்று நினைக்கவேண்டாம். பூட்டு போடுவது படத்துக்கும் ஒலிக்கும்தான். சேனல் பெயர்களைச் சொல்லும் அட்டவணை திறந்தே வருகிறது. அதனால் பெயர் தெரியும், படம் தெரியாது. அவற்றைப் பட்டியலிலிருந்து நீக்கிவிடுங்கள்.

வட அமெரிக்காவில் இன்னொரு குழப்பமும் உண்டு. சேனல்கள் பெயரே இல்லாமல் 86.4 போன்ற எண்களில் வந்து நிற்கலாம். ஒவ்வொன்றாகப் பார்த்து, எது என்ன என்று எழுதி வைத்துக்கொள்வதுதான் வழி.

படம் உடைந்தால்

எந்தச் சேனல்கள் உடைகின்றன என்று கவனியுங்கள். கேபிளில் ஒரே அலைவரிசையில் பல சேனல்கள் கூட்டாகப் பயணிக்கின்றன. 8 மெகாஹெர்ட்ஸ் அகலத்தில் 256-குவாம் முறையில் நொடிக்கு ஏறக்குறைய 51 மெகாபிட் தரவு போகும், அதில் பல சேனல்கள் அடங்கும். ஒரு கூட்டம் சேனல்கள் மொத்தமாகக் கட்டம் கட்டமாக உடைந்தால் அந்த அலைவரிசையில் சிக்னல் போதவில்லை என்று பொருள். ஒன்று மட்டும் உடைந்தால் கோளாறு பெரும்பாலும் அனுப்பும் இடத்தில் இருக்கும். 64-குவாமைவிட 256-குவாமுக்குச் சிக்னல் சுமார் 6 டெசிபல் சுத்தமாக இருக்கவேண்டும். அதனால் பலவீனமான வயரில் முதலில் அடிபடுவது 256-குவாம் சேனல்கள்தான். உடனே சிக்னலைப் பெருக்கும் ஆம்ப்ளிஃபயர் வாங்க ஓடாதீர்கள். அது சிக்னலில் கலந்த இரைச்சலையும் சேர்த்தே பெருக்கும், சிக்னல் அளவுக்கு மிஞ்சினாலும் படம் உடையும். முதலில் இணைப்பிகள், அப்புறம் பழைய வயர், கடைசியாகத்தான் ஆம்ப்ளிஃபயர்.

ஒலி வருகிறது, படம் இல்லை என்றால் அது வேறு கதை. படத்தைச் சுருக்கி அனுப்பும் முறைகளில் பழைய டிவிக்கு எம்பெக்-2 மட்டும் தெரிந்து, சேனல் ஹெச்.264-இல் வந்துகொண்டிருக்கலாம். யுஎஸ்பி ட்யூனரும், விஎல்சி என்ற வீடியோ மென்பொருளும் இருந்தால் கம்ப்யூட்டரில் அதே சேனல் ஓடிவிடும்.

நிறுவனங்கள் அவ்வப்போது அலைவரிசையை மாற்றும். நேற்றுவரை வந்த சேனல் காணாமல் போனால் மறுபடி ஸ்கேன் செய்யுங்கள். சில டிவிகளில் புது ஸ்கேன் பழைய வரிசையை அழித்துவிடும். அதற்கு முன் மெனுவில் 'சேனல் பட்டியலைச் சேமி' இருக்கிறதா என்று தேடி, ஒரு பென் டிரைவில் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.