ரசிகர் இதழில் கதைச்சுருக்கம் வேண்டாம்

ஸ்டார் ட்ரெக் என்ற அமெரிக்க அறிவியல் புனைவுத் தொலைக்காட்சித் தொடருக்கு, ரசிகர்களே எழுதி அச்சிடும் ரசிகர் இதழ் கொண்டுவர ஆசைப்படும் சேலத்து நண்பர்கள் பலர் முதல் பக்கத்திலேயே சறுக்கிவிடுகிறார்கள். எந்த எபிசோடில் என்ன நடந்தது என்று எழுதியே இதழை நிரப்பிவிடுகிறார்கள். பார்த்தவருக்கு அது தேவையில்லை, பார்க்காதவருக்குச் சுவை கெடும்.

இந்தத் தொடருக்கென்றே 1967இல் அமெரிக்காவில் வந்த முதல் ரசிகர் இதழ் ‘ஸ்போக்கனாலியா’. தொடரில் வரும் ஸ்போக் என்ற பாத்திரத்தைப் பற்றியும் அவனுடைய வல்கன் என்ற வேற்றுக்கிரக இனத்தைப் பற்றியும் ரசிகர்கள் தாங்களே எழுதிய கதை, கவிதை, கட்டுரைகள்தான் அதில் இருந்தன. நீங்களும் அப்படிச் செய்யுங்கள். பிடித்த ஒரே ஒரு காட்சியை எடுத்துக்கொண்டு இரண்டு பக்கம் எழுதுங்கள். 1980களில் தூர்தர்ஷனில் இந்தத் தொடரைப் பார்த்தவர் யாராவது அஸ்தம்பட்டியிலோ ஏற்காட்டிலோ இருந்தால், தேடிப் பிடித்துப் பேட்டி எடுங்கள். அது வேறெங்கும் கிடைக்காது.

உள்ளூர்ச் சரக்கை மறப்பதும் பெரிய தவறு. ஏற்காடு சாலையில் மாடர்ன் தியேட்டர்ஸ் என்ற பழைய சினிமா நிறுவனத்தின் வளைவைப் பார்த்திருப்பீர்கள். அந்த நிறுவனம் அமெரிக்கர்களோடு சேர்ந்து எடுத்து 1952இல் வெளியான ‘தி ஜங்கிள்’ படத்தில், அழிந்துபோன மாமூத்துகள் என்ற ரோம யானைகள் உயிரோடு திரியும். சேலத்திலிருந்து வரும் அறிவியல் புனைவு இதழ் இதற்கு ஒரு பக்கம்கூடத் தராவிட்டால் எனக்கு மனசு ஆறாது.

அப்புறம், தகவல் பிழைகள். ஸ்டார் ட்ரெக்கின் முதல் தொடரில் 79 எபிசோடுகளா, 80ஆ என்று குழம்புவார்கள். 1966 முதல் 1969 வரை ஒளிபரப்பானவை 79. முதலில் மாதிரியாக எடுத்து ஒதுக்கிவைத்த ‘தி கேஜ்’ எபிசோடு 1988இல்தான் முழுதாக ஒளிபரப்பானது. அதையும் சேர்த்தால்தான் 80. எடுத்த வரிசை வேறு, ஒளிபரப்பிய வரிசை வேறு. பட்டியல் போடும்போது எந்த வரிசை என்று சொல்லிவிடுங்கள். ‘பீம் மீ அப், ஸ்காட்டி’ என்று அட்டையில் போட்டு, விண்கலத்தின் கேப்டன் கிர்க் பேசிய வசனம் என்று எழுதாதீர்கள். அந்தத் தொடரில் இதே சொற்களில் அவர் பேசியதே இல்லை.

ஒரே இதழில் ஸ்போக், ஸ்பாக் என்று பெயர் மாறி மாறி வருவதும் கண்ணை உறுத்தும். ஏதாவது ஒன்றை முடிவு செய்துகொள்ளுங்கள்.

அச்சு வேலையில் முக்கியமானது பக்கக் கணக்கு. தாளை மடித்து நடுவில் பின் அடிக்கும் இதழ் என்றால் மொத்தப் பக்கங்கள் நான்கின் மடங்காக இருக்க வேண்டும். 18 பக்கம் தயார் செய்தால் இரண்டு பக்கம் வெறுமையாகத் தொங்கும். விண்வெளிப் படங்களின் கறுப்புப் பின்னணி ஜெராக்ஸில் திட்டுத்திட்டாக விழும். அதற்குப் பதில் கறுப்பு மையில் கோட்டோவியம் வரையச் சொல்லுங்கள். ஓரத்தில் தாராளமாக இடம் விடுங்கள், இல்லாவிட்டால் மெஷின் எழுத்தை விழுங்கிவிடும். கடைக்கு வேர்டு ஃபைலாகக் கொடுத்தால், அங்கே உங்கள் எழுத்துரு இல்லாதபோது கொம்பும் காலும் இடம் மாறிவிடும். எழுத்துருவையும் உள்ளே சேர்த்துப் பிடிஎஃப் ஆக்கிக் கொடுங்கள். மொத்தப் பிரதிகளையும் ஓட்டச் சொல்லும் முன் ஒன்றை மட்டும் எடுத்து, மடித்து, பக்க எண் வரிசையைப் புரட்டிப் பாருங்கள்.