ஆட்டோகிளேவ் இல்லாத லேபில் மீடியா: குக்கர், இட்லிப் பானை, ஒரு கைப்பிடி சோளத்தட்டு

ஆட்டோகிளேவ் (அழுத்த நீராவியில் கிருமி நீக்கும் கருவி) வாங்கக் காசில்லை என்பதற்காக ஒரு சின்ன லேப் முடங்கிக் கிடக்க வேண்டியதில்லை. கோபி, பவானி, தாராபுரம் பக்கம் மஞ்சளுக்கும் வாழைக்கும் சூடோமோனாஸ் என்ற நன்மை செய்யும் பாக்டீரியாவை வளர்த்துப் பார்க்கிறவர்களுக்கும், இருக்கிற ஒரே ஆட்டோகிளேவ் பழுதாகி புராஜெக்ட் நின்றுபோன பிள்ளைகளுக்கும்தான் இதை எழுதுகிறேன். நம் வீட்டுப் பாத்திரத்திலேயே மீடியாவை, அதாவது பாக்டீரியா வளர்க்கும் ஊட்டக் கரைசலை, சுத்தமாகக் கிருமி நீக்க முடியும். ஆனால் நீராவியை மதித்துச் செய்ய வேண்டும், செய்ததைச் சோதித்துப் பார்க்கவும் வேண்டும்.

முதலில், எதைக் கொல்லப் பார்க்கிறோம் என்று தெரிந்துகொள்ளுங்கள். சாதாரண பாக்டீரியா பத்து நிமிடக் கொதியில் செத்துவிடும். பாசில்லஸ் என்ற பாக்டீரியா வகைகளின் ஸ்போர்கள் (விதை போல உறங்கிக் கிடக்கும் கெட்டியான வடிவம்) சாகாது, மணிக்கணக்கில் கொதித்தாலும் சில தாக்குப்பிடித்துவிடும். மண்ணிலும் வைக்கோலிலும் தூசியிலும் இவை நிறைய உண்டு. அதனால்தான் 121 டிகிரி, 15 நிமிடம் என்ற கணக்கு. அந்த வெப்பம் வர 15 பவுண்டு அழுத்தம் வேண்டும், நம் சமையல் குக்கரின் வெயிட் ஏறக்குறைய அந்த அழுத்தத்துக்குத்தான் செய்யப்பட்டிருக்கிறது.

குக்கர் பத்து லிட்டராவது இருந்தால் நல்லது. லேபுக்கென்று தனியாக வாங்குங்கள், அதில் மறுபடி சோறு வைக்கக் கூடாது. அடியில் தட்டு போட்டு ஒரு லிட்டர் தண்ணீர் ஊற்றி, பாட்டில்களைத் தட்டின் மேல் நிறுத்துங்கள். பாட்டிலில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் மீடியா வேண்டாம், மூடியை அரைச் சுற்று தளர்த்தியே வையுங்கள், இறுக்கி மூடினால் வெடிக்கும். கூம்புக் குடுவைக்குப் பஞ்சு அடைப்பதானால் மருந்துக் கடைப் பஞ்சு வேண்டாம், அது ஈரத்தை இழுத்துக்கொள்ளும். மெத்தைக் கடையிலோ அவிநாசி, திருப்பூர் பக்கத்து ஜின்னிங் மில்லிலோ கிடைக்கிற, வெளுக்காத பச்சைப் பஞ்சில் இயற்கையான மெழுகு இருக்கும், தண்ணீர் ஒட்டாது. அடைத்த பிறகு மேலே காகிதம் சுற்றி நூலால் கட்டிவிடுங்கள்.

இப்போது சொல்லப்போவதில்தான் பெரும்பாலானவர்கள் கோட்டை விடுகிறார்கள். மூடியைப் போட்டவுடன் வெயிட்டைப் போடாதீர்கள். நீராவி குழாய் வழியே கோடு போலப் பலமாக வர ஆரம்பித்ததும் ஐந்து முதல் ஏழு நிமிடம் அப்படியே விட்டு, உள்ளே இருக்கிற காற்று முழுக்க வெளியேறிய பிறகுதான் வெயிட். காற்றை வெளியேற்றாமலே வெயிட்டைப் போட்டால் அழுத்தம் 15 பவுண்டு இருந்தாலும் உள்ளே வெப்பம் 100 டிகிரியைத்தான் தொடும். பாதிக் காற்று வெளியேறியிருந்தால் 112. விசில் சத்தம் இரண்டுக்கும் ஒன்றுபோலத்தான் கேட்கும். 'ஆறு விசில் விட்டேன் சார், அப்படியும் பிராத் கலங்கிடுச்சு' என்று வருகிற பிள்ளைகளிடம் நான் முதலில் கேட்பது இதைத்தான். (பிராத் என்பது திரவ மீடியா, அது கலங்கினால் உள்ளே கிருமி வளர்ந்துவிட்டது என்று அர்த்தம்.)

முதல் விசில் வந்ததும் தீயைக் குறைத்து, அழுத்தம் இறங்காமல் எப்போதாவது ஒரு விசில் வருகிற அளவில் நிறுத்திவிட்டுக் கடிகாரத்தைப் பாருங்கள். விசிலை எண்ண வேண்டாம். நூறு மில்லி பாட்டில்களுக்கு 20 நிமிடம், அரை லிட்டர் என்றால் 35 நிமிடம், ஏனென்றால் நடுவில் இருக்கிற மீடியா சூடாகவே நேரம் பிடிக்கும். கோவை கடல்மட்டத்திலிருந்து சுமார் 400 மீட்டர் உயரம், அங்கே ஐந்து நிமிடம் சேர்த்துக்கொண்டால் போதும். வால்பாறை, ஏற்காட்டில் இருப்பவர்கள் பத்து நிமிடமாவது கூட்டுங்கள். அடுப்பை அணைத்த பிறகு வெயிட்டைத் தூக்கி ஆவியை விடாதீர்கள், அழுத்தம் சட்டென்று இறங்கினால் மீடியா பொங்கிப் பஞ்சை நனைத்துவிடும், கையும் வெந்துவிடும். தானாக ஆறட்டும்.

சரி, குக்கரும் இல்லை, அல்லது பாட்டில் குக்கருக்குள் நிற்காத உயரம். அப்போது இட்லிப் பானை. 1877-ல் ஜான் டிண்டல் கண்ட வழி இது. உலர்ந்த புல்லை ஊறவைத்த தண்ணீர் எவ்வளவு கொதித்தும் கெட்டுப்போவதைப் பார்த்தவர், விட்டுவிட்டுச் சூடாக்கினால் கெடாமல் இருப்பதைக் கண்டுபிடித்தார். முதல் நாள் 100 டிகிரி ஆவியில் 30 நிமிடம், அப்புறம் வெதுவெதுப்பான இடத்தில் ஒரு நாள். மிஞ்சிய ஸ்போர்கள் முளைத்துச் சாதாரண பாக்டீரியாவாகும், மறுநாள் ஆவியில் அவை சாகும். மூன்றாம் நாள் இன்னொரு தடவை. மூன்று நாள் ஆகும், கேஸ் கொஞ்சம்தான்.

இதில் அந்த இடைப்பட்ட நாள்தான் முக்கியம். ஒரு மார்கழியில் ஆறு பாட்டிலைக் குளிர்ந்த சிமெண்ட் தரையில் வைத்துவிட்டேன், நான்கு கலங்கிப்போயின. ஸ்போர் நன்றாக முளைக்க 30 டிகிரி போல வெதுவெதுப்பு வேண்டும். சித்திரை, வைகாசியில் நம் ஊர் அறையே போதும், குளிர்காலத்தில் ஒரு பெட்டிக்குள் பல்பு எரியவிட்டு வையுங்கள். இன்னொன்று, ஸ்போர் முளைக்கத் தீனி வேண்டும். நியூட்ரியண்ட் பிராத்துக்கு இந்த முறை சரிப்படும், வெறும் தண்ணீருக்கும் உப்புக் கரைசலுக்கும் சரிப்படாது.

மைக்ரோவேவ் அகார் (மீடியாவைக் கட்டியாக்கும் பொருள்) கரைக்க நல்ல சாதனம், ஸ்போரைக் கொல்லும் என்று அதை நம்பாதீர்கள். பிளீச்சிங் கரைசலை மீடியாவில் கலப்பதும் வேண்டாம், மீடியாவில் இருக்கும் பெப்டோன் என்ற புரதச் சத்து அதோடு வினைபுரியும், மிஞ்சியது நாம் வளர்க்க நினைக்கிற பாக்டீரியாவையே கொல்லும். கண்ணாடித் தட்டுகளை ஓவனில் 160 டிகிரியில் இரண்டு மணி நேரம் வைத்தால் போதும். மெல்லிய பிளாஸ்டிக் தட்டுகள் குக்கரில் உருகிவிடும். குளுக்கோஸை மட்டும் தனிக் குடுவையில் வேகவைத்து ஆறிய பிறகு சேருங்கள், பெப்டோனோடு சேர்த்து வைத்தால் பழுப்பேறும்.

இனி சோதனை. மாட்டுக்குப் போடும் சோளத்தட்டில் பாசில்லஸ் ஸ்போர்கள் தாராளமாக இருக்கும். ஒரு கைப்பிடி நறுக்கி இரவு முழுக்க ஊறவைத்து, துணியில் வடிகட்டுங்கள். இரண்டு சோதனைக் குழாயில் ஐந்து மில்லி பிராத் எடுத்து, ஒவ்வொன்றிலும் அந்தத் தண்ணீரில் நான்கைந்து சொட்டு விடுங்கள். ஒன்றைக் கொதிநீரில் பத்து நிமிடம் மட்டும் வையுங்கள். மற்றதை மீடியா பாட்டில்களுக்கு நடுவே குக்கருக்குள் வைத்து, அதே நேரம் ஓட்டுங்கள், இட்லிப் பானை என்றால் மூன்று நாளும் கூடவே ஏற்றுங்கள். பிறகு இரண்டையும் வெதுவெதுப்பில் ஒரு வாரம் விடுங்கள். முதல் குழாய் கலங்க வேண்டும், அப்போதுதான் ஸ்போர் இருந்தது உறுதி. இரண்டாவது தெளிவாகவே நிற்க வேண்டும். அதுவும் கலங்கினால் காற்றை வெளியேற்றும் நேரத்தையும் கேஸ்கட்டையும் பாருங்கள். ஆட்டோகிளேவ் டேப்பில் (சூடு பட்டால் கோடு கறுக்கும் ஒட்டுநாடா) கோடு கறுத்தாலும் இந்தச் சோதனையை நான் விடுவதில்லை.

தயாரான மீடியாவையும் உடனே பயன்படுத்த வேண்டாம், இரண்டு நாள் வெதுவெதுப்பில் வைத்துத் தெளிவாக இருப்பதை மட்டும் எடுங்கள். வேலை முடிந்த கல்ச்சரை, அதாவது பாக்டீரியா வளர்ந்த மீடியாவை, சாக்கடையில் கொட்டுவது பெரிய தப்பு, அதே குக்கரில் 40 நிமிடம் வைத்துக் கொன்ற பிறகு கொட்டுங்கள். வீட்டு லேபில் வளர்ப்பது சூடோமோனாஸ் ஃபுளோரசன்ஸ், அசோஸ்பைரில்லம் போன்ற, பயிருக்கு நன்மை செய்யும் பாக்டீரியாக்களோடு நிற்கட்டும். புண், சளி, சாக்கடைத் தண்ணீரிலிருந்து எடுத்து வளர்க்கவே வேண்டாம்.