டேப்லெட்டில் மாதிரி ரயில் ஓட்டுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மட்டக்களப்பில் எனக்குத் தெரிந்த வீடுகளில், மாதிரி ரயில் என்றாலே லண்டனிலோ ஜெர்மனியிலோ கனடாவிலோ இருக்கும் உறவுக்காரர் விடுமுறைக்கு வந்தபோது கொண்டுவந்து கொடுத்த ஒரு பெட்டிதான். முன்பெல்லாம் அதற்குள் திருகு கைபிடி வைத்த கொன்ட்ரோலர் ஒன்று இருக்கும். இப்போது டேப்லெட்டில் ஒரு செயலியை இறக்கினால் எஞ்சினின் படம், வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் கோடு, விளக்கு, ஹோர்ன் எல்லாம் விரல் நுனிக்கு வந்துவிடுகின்றன. பார்க்க வடிவாக இருப்பதால் எல்லாரும் டேப்லெட்டிலிருந்தே தொடங்குகிறார்கள். எஞ்சின் நகராவிட்டாலும் அதிலேயே பிழை தேடுகிறார்கள். செயலியை அழிப்பார்கள், மறுபடி இறக்குவார்கள், வேறு டேப்லெட் இரவல் வாங்குவார்கள். பிழை பெரும்பாலும் தண்டவாளத்தில் இருக்கும்.

விரல் கொடுக்கும் கட்டளை போகும் பாதை நீளமானது. செயலியிலிருந்து வை-ஃபை வழியாகக் கொமாண்ட் ஸ்டேஷன் என்ற பெட்டிக்குப் போகிறது. அங்கிருந்து வயர், தண்டவாளம், சக்கரம், கடைசியில் எஞ்சினுக்குள் இருந்து கட்டளையைப் படித்து மோட்டாரை இயக்கும் டிகோடர் என்ற சிறு பலகை. டிசிசி எனப்படும் இந்த டிஜிட்டல் முறையில் தண்டவாளத்தில் எப்போதும் முழு மின்னழுத்தம் இருக்கும். பரவலாகப் புழங்கும் எச்ஓ என்ற அளவு வண்டிகளுக்கு அது ஏறக்குறைய 14 முதல் 16 வோல்ட். அந்த மின்சாரமே திசை மாறி மாறி ஓடிச் செய்தியையும் சுமக்கிறது. 58 மைக்ரோசெக்கனில் திசை மாறினால் அது 1, ஏறத்தாழ 100 மைக்ரோசெக்கனோ அதற்கு மேலோ எடுத்தால் 0. இவ்வளவு நுட்பமான செய்தி உப்புப் படிந்த தண்டவாளத்தையும் தளர்ந்த இணைப்பையும் தாண்டித்தான் எஞ்சினுக்குப் போய்ச் சேர வேண்டும். ஆகவே பிழை தேடும்போது தண்டவாளத்தில் தொடங்கி டேப்லெட்டில் முடியுங்கள்.

முதல் தவறு பெட்டியைப் பிரிக்கும்போதே நடக்கிறது: எல்லாம் ஒரே அகலமாகத் தெரிவதால் எல்லாவற்றையும் ஒன்றாக ஓட்டிவிடலாம் என்று நினைப்பது. ஜெர்மனியிலிருந்து வரும் மார்க்லின் எச்ஓ வண்டிக்கும் லண்டனிலிருந்து வரும் ஹோர்ன்பிக்கும் தண்டவாள அகலம் ஒன்றுதான், 16.5 மில்லிமீற்றர். ஆனால் மார்க்லினின் மின்சார அமைப்பு வேறு. அதன் தண்டவாளத்தின் நடுவில் வரிசையாகச் சிறு உலோகப் புள்ளிகள் இருக்கும். மின்சாரத்தின் ஒரு முனை அவற்றின் வழியாக வரும், இரண்டு பக்கத் தண்டவாளமும் சேர்ந்து மறுமுனையாகும். அதனால் அதன் இரு பக்கச் சக்கரங்களும் ஒன்றோடொன்று மின்சாரத் தொடர்பில் இருக்கும். அந்த வண்டியை ஹோர்ன்பி தண்டவாளத்தில் வைத்த கணமே ஷோர்ட் ஆகும். பெரியப்பா கொடுத்ததையும் மாமா கொடுத்ததையும் இரண்டு தனி மேசைகளில் ஓட்டுங்கள்.

கனடாப் பெட்டியில் வேறு ஆபத்து. அங்கே வீட்டு மின்சாரம் 120 வோல்ட், இங்கே 230. அடெப்டரின் முதுகில் இன்புட் என்ற இடத்தில் 100 முதல் 240 வரை என்று அச்சிட்டிருந்தால் முனையை மாற்றிக் குத்தலாம். 120 என்று மட்டும் இருந்தால் குத்தவே கூடாது. அது புகைந்த பிறகு, வீட்டில் சும்மா கிடக்கும் லப்டொப் அடெப்டரைக் கொடுத்துப் பார்ப்பது அடுத்த தவறு. அதில் 19 வோல்ட் வரும். ஆர்டுயினோ என்ற சிறு கணினிப் பலகையில் டிசிசி-இஎக்ஸ் என்ற கொமாண்ட் ஸ்டேஷனைச் சொந்தமாகக் கட்டுகிறவர்களின் மோட்டார் ஷீல்டில் (தண்டவாளத்துக்கு மின்சாரம் தரும் பலகை) உள்ளே கொடுக்கும் மின்னழுத்தம்தான் ஏறக்குறைய அப்படியே தண்டவாளத்துக்கும் போகிறது. எச்ஓவை விடச் சிறிய 'என்' அளவு எஞ்சினுக்கு 12 வோல்ட்டைச் சுற்றி இருந்தால் போதும். அதில் 19 கொடுத்தால் டிகோடர் தாங்காமல் போகலாம்.

பெட்டியின் மேல் 'டிசிசி ரெடி' என்று இருந்தால் உள்ளே டிகோடர் இருப்பதாக எண்ண வேண்டாம். டிகோடர் பொருத்துவதற்கான சொக்கெட் இருக்கிறது என்பது மட்டுமே அதன் பொருள். டிகோடர் இல்லாத எஞ்சினை டிசிசி தண்டவாளத்தில் நிறுத்தினால் அது கீச்சென்று இரைந்துகொண்டே சூடேறும். இரும்பு மையம் இல்லாத (கோர்லெஸ்) மோட்டார் என்றால் சுருள் கருகிவிடும். சில கொமாண்ட் ஸ்டேஷன்கள் பூச்சியம் என்ற முகவரியில் (முகவரி என்பது எஞ்சினை அழைக்கும் எண்) அப்படி ஓட்ட இடம் தருகின்றன. தந்தாலும் வேண்டாம். இன்னொன்று, ஹோர்ன்பியின் எச்எம்7000 போன்ற முறைகளில் செயலி ப்ளூடூத் வழியாக நேரே டிகோடரோடுதான் கதைக்கும். அந்தச் செயலியை இறக்கிவிட்டு வேறு நிறுவனத்தின் சாதாரண டிசிசி எஞ்சினைத் தேடினால் திரையில் ஒன்றும் வராது.

வயரிங்

நான் அதிக நேரம் நிற்கப்போவது இங்கேதான். நல்ல டேப்லெட், நல்ல ரௌட்டர் வைத்திருக்கிறவர்களின் மேசைகூட இந்த இடத்தில்தான் தோற்கிறது. வட்டமாகத் தண்டவாளம் போட்டு, ஒரே ஒரு துண்டில் இரண்டு வயரைக் கொடுத்துவிட்டுப் போதும் என்று விடுகிறார்கள். துண்டுகளை இணைக்கும் சிறு தகட்டுக் கவ்விகள் புதிதாக இருக்கும்வரை மின்சாரத்தைக் கடத்தும். வாவிக் காற்றில் சில மாதம் கிடந்தால் அவை கறுத்துத் தளரும். கல்லோயா வாய்க்காலின் தலைப்பில் தண்ணீர் நிறைந்து ஓடும்போதே கடைக்கோடி வயல் காய்ந்து கிடப்பதை அம்பாறைப் பக்கம் பார்த்திருப்பீர்கள். தண்டவாளத்திலும் அதே கதைதான். பெட்டிக்குப் பக்கத்தில் பாயும் எஞ்சின் மேசையின் மறுகோடியில் இழுத்துக்கொண்டு போகும். செயலியில் வேகக் கோட்டை மேலே தள்ளித் தள்ளிப் பயனில்லை.

மேசைக்கு அடியில் இரண்டு தடித்த வயர்களைச் சுற்றி இழுங்கள். எலெக்ட்ரிக் கடையில் 7/0.67 என்று கேட்டால் 2.5 சதுர மில்லிமீற்றர் வயர் தருவார்கள். வீட்டு மேசைக்கு அது தாராளம். அதிலிருந்து ஒவ்வொரு தண்டவாளத் துண்டுக்கும், குறைந்தது ஒன்றுவிட்டு ஒரு துண்டுக்கு, மெல்லிய வயரைச் சோல்டர் பண்ணிக் கொடுங்கள். ஒன்றைச் சிவப்பாகவும் மற்றதைக் கறுப்பாகவும் வைத்து, எந்த இடத்திலும் மாற்றிவிடாதீர்கள். பழைய ஹோர்ன்பி இணைப்புத் தகடுகளுக்குள் ரேடியோ இரைச்சலைத் தடுக்கும் கப்பாசிட்டர் இருக்கும். டிசிசி செய்தியை அது குழப்பும், எடுத்துவிடுங்கள். மன்னம்பிட்டியில் ஒருகாலத்தில் பஸ்ஸும் கோச்சியும் ஒரே பாலத்தில் போனதை நினைவில் வைத்து அதைப் போல் பாலம் கட்டுகிறவர்கள், பாலத்துத் தண்டவாளத்துக்கும் தனி இணைப்புக் கொடுக்க மறக்க வேண்டாம். தகரத்தில் பாலம் செய்தால் இரண்டு தண்டவாளமும் ஒருசேர அதைத் தொடாதபடி பாருங்கள்.

இணைத்து முடித்ததும் ஒரு சோதனை இருக்கிறது. பத்து ரூபாய்க் குற்றியொன்றை எடுத்து இரண்டு தண்டவாளத்துக்கும் குறுக்கே வையுங்கள். கொமாண்ட் ஸ்டேஷன் அந்தக் கணமே மின்சாரத்தை வெட்ட வேண்டும், செயலியில் ஷோர்ட் என்ற அறிவிப்பு வர வேண்டும். குற்றியை எடுத்து ஒரு முழம் தள்ளி மறுபடி வையுங்கள். பொயின்ட் (பாதை பிரியும் இடம்), பாலம், ஸ்டேஷனில் ஒதுங்கும் பாதை என்று ஓரிடமும் விடாமல் மேசை முழுக்கச் சோதியுங்கள். எங்காவது வெட்டாமல் குற்றியைச் சுற்றிப் பொறி பறந்தாலோ குற்றி சூடேறினாலோ அந்த இடத்துக்குப் போதிய வயர் இல்லை என்று அர்த்தம். 15 வோல்ட்டில் 3 அம்பியர் என்றால் 45 வோட். சோல்டரிங் அயன் பலவும் 30, 40 வோட்தான். அந்தச் சூடு தடம்புரண்ட ஒரு பெட்டியின் சக்கரத்தில் சில நிமிடம் நின்றால் பிளாஸ்டிக் சட்டம் உருகும். இந்தச் சோதனையைச் செய்யாத மேசையில் ரயிலை ஓட விட்டுவிட்டு ஒருபோதும் எழுந்து போகாதீர்கள்.

பாதை வளைந்து திரும்பித் தன்னோடு தானே சேரும் அமைப்பும் ஷோர்ட் ஆகும். இடது தண்டவாளம் சுற்றிவந்து வலதோடு முட்டும். அந்த வளையத்தின் இரண்டு முனையிலும் வெட்டு விட்டு, தானாகத் திசை மாற்றும் மொட்யூல் ஒன்றைப் போட வேண்டும். செயலியில் இதற்குப் பரிகாரம் தேடுவது வீண்.

உப்பும் தூசியும்

கல்லடியிலோ காத்தான்குடியிலோ யன்னலைத் திறந்தால் கடற்காற்று. கச்சான் வீசும் மாதங்களில் வெப்பத்தோடு தூசி. மாரியில் ஈரம். மூன்றும் தண்டவாளத்துக்கு ஆகாது. எஞ்சின் துள்ளித் துள்ளி ஓடினால், விளக்கு விட்டு விட்டு எரிந்தால், முதலில் துணியில் ஐசோபுரோபைல் அற்ககோல் தோய்த்துத் தண்டவாளத்தையும் சக்கரத்தையும் துடையுங்கள். உப்புத்தாள் போட்டுத் தேய்க்க வேண்டாம். அது விடும் கீறல்களில் அழுக்கு இன்னும் வேகமாகப் பிடிக்கும். பாத்திரம் தேய்க்கும் கம்பிநார் அதைவிடக் கெட்டது. உதிரும் கம்பித்துகளை மோட்டாரின் காந்தம் உள்ளே இழுத்துக்கொள்ளும். வாங்கும்போதே இரும்புத் தண்டவாளத்தைத் தவிர்த்து நிக்கல் சில்வரை எடுங்கள், அது துருப்பிடிக்காது. மேசைப் பலகையின் அடிப்பக்கத்துக்கும் ஓரத்துக்கும் பெயின்ட் அடித்துவிடுங்கள். அடிக்காவிட்டால் மாரியில் பலகை ஊதித் தண்டவாளத்தைத் தூக்கும்.

வை-ஃபை

இவ்வளவும் சரியாக இருந்தும் செயலி எஞ்சினைக் காணவில்லை என்றால் இப்போது டேப்லெட்டைக் கையில் எடுக்கலாம். மேசைக்கென்று வைத்த ரௌட்டரில் இணையம் இருக்காது. டேப்லெட்டுக்கு அது பிடிக்காது. 'இந்த வை-ஃபையில் இணையம் இல்லை' என்று சொல்லிவிட்டுத் தானாகவே சிம் டேட்டாவுக்கோ வீட்டு வை-ஃபைக்கோ தாவிவிடும். ரயில் ஓடிக்கொண்டிருக்கும்போதே கட்டுப்பாடு போவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். மொபைல் டேட்டாவை அணைத்து, வீட்டு வை-ஃபை தானாக இணைவதை நிறுத்தி, இணையம் இல்லாவிட்டாலும் இதிலேயே இரு என்று தெரிவு செய்யுங்கள். கரண்ட் போய் வந்த பிறகும் இதைப் பாருங்கள். ரௌட்டர் எழும்புவதற்குள் டேப்லெட் வேறிடம் போயிருக்கும்.

ஐபேட் என்றால் முதல்முறை திறக்கும்போது உள்ளூர் வலையமைப்பைத் தேட அனுமதி கேட்கும். பிள்ளைகள் அவசரத்தில் வேண்டாம் என்று அழுத்திவிட்டால், செட்டிங்ஸில் போய் மாற்றும்வரை ஒன்றும் இணையாது. அன்ட்ரொய்ட்டில் பற்றரியைச் சேமிக்கும் வசதி செயலியைப் பின்னணியில் நிறுத்திவிடும், அதற்கு விலக்குக் கொடுங்கள். ரோக்கோ நிறுவனத்தின் இசட்21 என்ற கொமாண்ட் ஸ்டேஷன் 192.168.0.111 என்ற முகவரியோடு வருகிறது. வீட்டு ரௌட்டர் 192.168.1 என்ற தொடரில் இருந்தால் இரண்டும் சந்திக்காது. ஸ்டார்ட் செட்டில் வரும் வெள்ளை நிற இசட்21க்கு ரௌட்டரும் திறப்புக் குறியீடும் தனியாக வேண்டும் என்பதை வாங்குமுன்னரே விசாரியுங்கள். எஞ்சின் டிரைவர் என்ற செயலியில், கணினியில் ஓடும் ஜேஎம்ஆர்ஐ என்ற ரயில் மென்பொருளுக்குப் போர்ட் எண் 12090, டிசிசி-இஎக்ஸ் பெட்டிக்கு 2560. மாற்றி அடித்தால் இணையாது.

நிறுத்துவது

டேப்லெட் நின்றால் ரயிலும் நின்றுவிடும் என்று நம்புவதுதான் எல்லாவற்றிலும் மோசமான தவறு. கல்லடியில் ஒரு வீட்டில் இதைக் கண்ணால் பார்த்தேன். பொடியன் வேகக் கோட்டை முழுக்க மேலே தள்ளிய நேரம் டேப்லெட்டில் சார்ஜ் முடிந்து திரை இருண்டது. எஞ்சின் குறையாத வேகத்தில் மேசையைச் சுற்றுகிறது. "மாமா, நிக்குதில்ல!" என்று அவன் கத்த, "பிளக்கைப் பிடுங்கு தம்பி!" என்று மாமா கத்த, பிளக்கோ அலுமாரிக்குப் பின்னால். வளைவில் புரண்ட எஞ்சின் சீமெந்துத் தரையில் விழுந்து முன் சக்கரத் தொகுதி உடைந்தது. கொமாண்ட் ஸ்டேஷன் தனக்குக் கடைசியாகக் கிடைத்த கட்டளையைத் தண்டவாளத்தில் ஓயாமல் திருப்பிச் சொல்லிக்கொண்டே இருக்கும். நிறுத்து என்று யாராவது சொல்லும்வரை அதற்கு முழு வேகம்தான் கட்டளை.

சில முறைகளில் இதற்குக் காப்பு உண்டு. ஜேஎம்ஆர்ஐயோடு இணையும் செயலிகள் 'நான் இருக்கிறேன்' என்று இடைக்கிடை சொல்லும், சொல்வது நின்றால் எஞ்சினை நிறுத்தச் செய்யலாம். அது இருந்தாலும் இல்லாவிட்டாலும், கை எட்டும் இடத்தில் ஒரு நிஜ சுவிட்ச் இருக்கட்டும். கொமாண்ட் ஸ்டேஷனின் நிறுத்து பட்டனை மேசையின் முன்விளிம்புக்குக் கொண்டுவாருங்கள், அல்லது தண்டவாளத்துக்குப் போகும் வயரில் சிவப்பு சுவிட்ச் ஒன்றைப் போடுங்கள். பிள்ளைகளுக்கு முதலில் காட்ட வேண்டியது அதைத்தான். மேசை ஓரத்தில் இரண்டு அங்குல உயரத்துக்கு ஒரு தடுப்பும் அடித்துவிடுங்கள்.

முகவரி பற்றிச் சுருக்கமாக. புது டிகோடர் எல்லாம் முகவரி 3 என்றே வரும். இரண்டு புது எஞ்சினை ஒன்றாக வைத்தால் இரண்டும் சேர்ந்தே ஓடும். மாற்றும்போது அந்த ஒரு எஞ்சினை மட்டும் தனியான புரோகிராமிங் தண்டவாளத்தில் வையுங்கள். மேசையில் நிற்கும் எல்லாவற்றுக்கும் ஒரே முகவரியை எழுதிவிட்டுத் திணறுகிறவர்கள் பலர். டிகோடர் தன் அமைப்புகளைச் சிவி என்ற எண்ணிட்ட இடங்களில் வைத்திருக்கும். வேகம் கூடும் விதம் சிவி3இலும் குறையும் விதம் சிவி4இலும் இருக்கின்றன. மாற்றுமுன் பழைய எண்ணை ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். நிலைமை கைமீறினால் பல டிகோடர்களில் சிவி8இல் 8 என்று எழுதித் தொழிற்சாலை நிலைக்குத் திருப்பலாம்.

இரண்டு டேப்லெட் இருக்கும் வீட்டில் எது யாருடைய எஞ்சின் என்று முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள். இரண்டு பேர் ஒரே எஞ்சினைப் பிடித்தால் பல முறைகளில் கடைசியாக வந்த கட்டளைதான் வெல்லும். மட்டக்களப்புக்கு வரும் நிஜப் பாதையைப் போல ஒற்றைப் பாதை போட்டிருப்பவர்கள், உதயதேவி ரயில் எந்த ஸ்டேஷனில் ஒதுங்கி எதிரே வரும் வண்டிக்கு வழிவிடும் என்பதையும் தீர்மானித்துக்கொண்டு ஓட்டுங்கள். அதில்தான் இந்தப் பொழுதுபோக்கின் முழு இன்பமும் இருக்கிறது.

கடைசியாகப் பொயின்ட். அதை மாற்றும் சுருள் மோட்டாருக்கு ஒரு நொடிக்கும் குறைந்த துடிப்புப் போதும். செயலியிலோ டிகோடரிலோ அந்த நேரத்தை நீளமாக வைத்தால் சுருள் கருகும். திரையில் பாதை நேராகக் காட்டுவதைப் பார்த்து நம்பவும் வேண்டாம். தான் அனுப்பிய கட்டளையைத்தான் செயலி வரைகிறது. நிலையைத் திருப்பி அறிவிக்கும் சென்சர் இல்லாத மேசையில் பொயின்டின் நாக்கு உண்மையில் அசைந்ததா என்பது அதற்குத் தெரியாது. ஒரு சிறு கல் இடையில் சிக்கியிருந்தாலும் திரை நேர்பாதையையே காட்டும். ரயிலை எடுக்குமுன் ஒவ்வொரு பொயின்டையும் செயலியிலிருந்து இரண்டு பக்கமும் ஒருமுறை மாற்றி, நாக்கு முழுக்கப் போய்த் தண்டவாளத்தோடு ஒட்டுகிறதா என்று குனிந்து பாருங்கள்.