நியூயார்க் பாரில் மேட்ச் பார்க்கப் போகிறீர்களா? டெபிட் கார்டைக் கொடுத்துவிடாதீர்கள்

நியூயார்க் வந்து வீடு பார்த்து, வங்கிக் கணக்கு தொடங்கி, ஒரு சனிக்கிழமை காலியாகக் கிடைத்ததும் நம் பையன்கள் கேட்பது இங்கிலாந்துக் கால்பந்துப் போட்டியான பிரீமியர் லீக் எங்கே பார்ப்பது என்றுதான். ஊரில் ராத்திரி எட்டரைக்குச் சாப்பாட்டுத் தட்டோடு உட்கார்ந்து பார்த்த மேட்ச் இங்கே காலை பத்து மணிக்கு. அன்றைய முதல் மேட்ச் ஏழரைக்கே தொடங்கிவிடும். மார்ச்சில் இரண்டு மூன்று வாரமும் அக்டோபர் கடைசியில் ஒரு வாரமும் மட்டும் கவனம்: பிரிட்டனும் அமெரிக்காவும் வேறு வேறு நாளில் கடிகாரத்தை மாற்றுவதால் பத்து மணி மேட்ச் பதினொன்றுக்குப் போய்விடும்.

வயதுச் சான்று கேட்பார்கள், 21 நிறைந்திருக்க வேண்டும். நம் ஊர் ஓட்டுநர் உரிமம் செல்லாது, பாஸ்போர்ட்டை எடுத்துப் போங்கள். தொலைந்துவிடும் என்று பயமாக இருந்தால் நியூயார்க் மாநில அடையாள அட்டை வாங்கும்வரை எலுமிச்சை சோடாவோடு மேட்ச் பாருங்கள், யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு முன்னால் பாரில் மது ஊற்ற இந்த மாநிலத்தில் பொதுவாக அனுமதி கிடையாது, ஆகவே ஒன்பது மணி மேட்ச்சுக்கு எல்லாருமே காபிதான்.

எந்த பார் என்பது முக்கியம். பத்துத் திரை இருக்கிற இடமெல்லாம் நமக்கு உதவாது. அமெரிக்கன் ஃபுட்பால் சீசனில் ஞாயிறு மதியம் போனால் சத்தம் முழுக்க அந்த ஆட்டத்துக்கு, நம் மேட்ச் கழிவறைப் பக்கத்துத் திரையில் ஊமையாக ஓடும். சில மேட்ச் பீகாக் செயலியில் மட்டும்தான் வரும், அது எல்லா பாரிலும் இருக்காது. போன் போட்டு, அந்த மேட்ச் உண்டா, சத்தத்தோடு உண்டா என்று இரண்டையும் கேளுங்கள். இல்லையென்றால் ரசிகர் மன்றங்கள் கூடுகிற இடத்துக்குப் போங்கள். லிவர்பூல்காரர்களுக்கு ஈஸ்ட் வில்லேஜில் லெவன்த் ஸ்ட்ரீட் பார் பெயர் பெற்றது. அங்கே மான்செஸ்டர் யுனைடெட் ஜெர்சியோடு போகாதீர்கள், அடிக்க மாட்டார்கள், ஆனால் தொண்ணூறு நிமிஷமும் பாட்டு உங்களைப் பார்த்துத்தான்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். உட்கார்ந்ததும் கார்டை வாங்கிக்கொண்டு "ஓப்பனா, க்ளோஸா?" என்று கேட்பார்கள். ஓப்பன் என்றால் டேப், அதாவது கிளம்பும்வரை ஓடிக்கொண்டே இருக்கிற கணக்கு. என் அறைத்தோழர் எட்டுப் பேரோடு போய், நம் ஊர் வழக்கப்படி "நான் கொடுக்கிறேன், அப்புறம் பிரித்துக்கொள்ளலாம்" என்று தன் டெபிட் கார்டை நீட்டிவிட்டார். வாங்கினதும், பில்லுக்கு உத்தரவாதமாக அவர் கணக்கில் 100 டாலரை நிறுத்தி வைத்தார்கள். இரண்டாவது மேட்ச்சுக்குக் கீழ்த்தளத்துக்கு மாறியபோது அங்கே புதுக் கணக்கு, இன்னொரு 100. கிரெடிட் கார்டில் இப்படிச் செய்தால் வரம்பில் கொஞ்சம் குறையும், அவ்வளவுதான். டெபிட் கார்டில் உங்கள் சொந்தப் பணம் முடங்கிக் கிடக்கும், விடுவிக்க வங்கி நாள்கணக்கில் எடுத்துக்கொள்ளும்.

பில்கள் வந்தன. இரண்டையும் சேர்த்துச் சாப்பாடும் குடியும் 240 டாலர், 8.875 சதவீத வரி 21 டாலர் 30 சென்ட், அதற்குக் கீழே பொடி எழுத்தில் கிராஜுவிட்டி 18 சதவீதம், 43 டாலர் 20 சென்ட். கிராஜுவிட்டி என்றால் டிப்ஸ்தான்! பெரிய கூட்டமாகப் போனால் அவர்களே போட்டுக்கொள்வார்கள், மெனுவின் அடியில் அச்சிட்டும் இருப்பார்கள். ஆனால் அதற்கும் கீழே டிப்ஸ் என்று காலியாக ஒரு கோடு வேறு விட்டிருந்தார்கள், பணிப்பெண் பக்கத்திலேயே சிரித்துக்கொண்டு நிற்கிறார், பில் ஏற்கெனவே டிப்ஸோடுதான் இருக்கிறது என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. கஞ்சன் என்று நினைத்துவிடுவார்களோ என்று இவர் இன்னொரு 45 டாலர் எழுதிக் கையெழுத்துப் போட்டார். பில் 349 டாலர் 50 சென்ட், முன்பே நிறுத்தி வைத்த 200 டாலர் இன்னும் விடுபடவில்லை, ஆக கணக்கிலிருந்து மொத்தம் 549 டாலர் 50 சென்ட் போய் நின்றது. திங்கட்கிழமை ஒன்றாம் தேதி. கணக்கில் பணம் போதாமல் வாடகை திரும்பியது, திரும்பியதற்குத் தனிக் கட்டணம். எட்டுப் பேரில் இரண்டு பேர் இன்னும் பங்கைக் கொடுக்கவில்லை, அது வேறு கதை.

டிப்ஸே கொடுக்காதீர்கள் என்று சொல்லவில்லை. டிப்ஸ் வாங்கும் ஊழியருக்கு முதலாளி கொடுக்க வேண்டிய குறைந்தபட்ச மணிக் கூலி, மத்திய சட்டப்படி 1991 முதல் 2 டாலர் 13 சென்ட்தான். நியூயார்க்கில் கூடுதல், இருந்தாலும் டிப்ஸை நம்பித்தான் பிழைக்கிறார்கள். வரிக்கு முந்தைய தொகையில் 18 முதல் 20 சதவீதம் ஒரு முறை கொடுங்கள். இரண்டு முறை வேண்டாம்.

"க்ளோஸ்" என்று சொல்லி ஒவ்வொரு சுற்றுக்கும் அப்போதே கட்டிவிடுங்கள், அல்லது 20 டாலர் நோட்டாகக் கொண்டுபோங்கள். கிரெடிட் வரலாறு, அதாவது கடன் வாங்கிக் கட்டிய பதிவு, இல்லாமல் கிரெடிட் கார்டு கிடைக்காதவர்கள் முன்பணம் கட்டி செக்யூர்டு கார்டு ஒன்று வாங்கலாம். ஓப்பனில் விட்ட கார்டை மறந்து கிளம்பினால் தாங்களாகவே டிப்ஸ் சேர்த்துக் கணக்கை முடித்துவிடுகிற பார்களும் உண்டு.

பக்கத்து நாற்காலிக்காரர் "உங்களுக்கெல்லாம் கிரிக்கெட்தானே?" என்று கேட்பார், கட்டாயம் கேட்பார். என்னிடம் கேட்டவரிடம் வியாசர்பாடியில் வெறுங்காலோடு கால்பந்து ஆடும் பிள்ளைகளைப் பற்றி இடைவேளை முழுக்கப் பேசினேன், சென்னையின் எஃப்சி என்ற நம் அணி 2015இல் இந்தியன் சூப்பர் லீக் கோப்பை வாங்கியதையும் விடவில்லை. பாவம், அவருக்கு பியர் சூடாகிவிட்டது. ஆனால் அடுத்த வாரம் அவரே எனக்கு இடம் பிடித்து வைத்திருந்தார். ஏழரை மணி மேட்ச்சுக்கு ஏழுக்கே போய்விடுங்கள்; வார இறுதியில் சப்வே ரயில் தடம் மாறி ஓடும், முந்தைய இரவே பார்த்துக்கொள்ளுங்கள்.